டீச்சர் பதில்கள்: பெண்கள் உலகக் கோப்பையும் நம்ம ஊர்க் கிரவுண்டும்

போன இதழில் நம் இந்தியப் பெண்கள் அணி தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே ஜெயித்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் பெண்கள் கால்பந்து பற்றித்தான் கேள்வி. விளையாட்டு டீச்சராக வேலை பார்த்த காலத்தில் இதில் பாதிக்கூட யாரும் கேட்டதில்லை. அதனால் இந்த மாதம் முழுப் பக்கமும் பந்துக்கே.

பெண்கள் உலகக் கோப்பை கால்பந்து இப்போதுதான் வந்தது, அதற்கு முன்னால் பெண்கள் பந்து விளையாடியதே இல்லை என்கிறான் என் மகன். உண்மையா? (வாசகர், கானாடுகாத்தான்)

2023-ல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்ததைத்தான் அவர் முதலில் பார்த்திருப்பார் போல. அது ஒன்பதாவது உலகக் கோப்பை. முதலாவது 1991-ல் சீனாவில் 12 அணிகளோடு நடந்தது, இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா நார்வேயை 2-1 என்று வென்றது. அப்போது ஆட்டம் மொத்தம் 80 நிமிடம்தான். அடுத்த முறை 1995-ல் சுவீடனில்தான் 90 நிமிடம் ஆடவிட்டார்கள்.

ஆனால் கதை அதற்கும் வெகு முன்னால் தொடங்குகிறது, உங்கள் மகனுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். முதல் உலகப்போர் சமயம் இங்கிலாந்தில் ஆண்களெல்லாம் போர்முனைக்குப் போய்விட, பிரெஸ்டன் என்ற ஊரில் டிக் கெர் என்ற தொழிற்சாலையில் வெடிமருந்து வேலை பார்த்த பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் பந்து விளையாடத் தொடங்கி, பிறகு அணியாகவே ஆகிவிட்டார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் சுமார் 53,000 பேர், உள்ளே இடமில்லாமல் திரும்பிப் போனவர்கள் இன்னும் பல ஆயிரம். அடுத்த வருஷமே, 1921 டிசம்பரில், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் இந்த விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லித் தன் மைதானங்களில் பெண்கள் ஆட்டம் நடத்தவே தடை போட்டது. கூட்டம் வராததால் போட்ட தடை இல்லை, கூட்டம் வந்தபிறகு போட்ட தடை. ஐம்பது வருஷம் அது நீடித்தது.

1971-ல் மெக்சிகோவில், உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் அங்கீகாரம் இல்லாமலே பெண்களுக்கு ஒரு உலகப் போட்டி நடந்தது. அஸ்டெகா மைதானத்தில் இறுதி ஆட்டத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஆள். டென்மார்க் 3-0 என்று மெக்சிகோவை ஜெயித்தது. மூன்று கோலையும் போட்டது சூசன் அகஸ்டசன் என்ற ஒரே பெண், வயது 15. நம் ஊரில் பத்தாம் வகுப்புப் படிக்கிற வயது! அந்தப் போட்டி பல வருஷம் யாருக்கும் நினைவில்லாமல் போனது. பெண்கள் விளையாடாமல் இருந்ததே இல்லை, விளையாடியதை எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

இந்தியா பெண்கள் உலகக் கோப்பையில் ஆடுமா? ஆசையாகக் கேட்கிறேன், உள்ளதைச் சொல்லுங்கள். (கல்லூரி மாணவி, காரைக்குடி)

வழி திறந்திருக்கிறது. எவ்வளவு தூரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2025 ஜூலை 5, தாய்லாந்தில் சியாங் மாய். ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் கடைசி ஆட்டம். அதற்கு முன் மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்தேவை 4-0, ஈராக்கை 5-0 என்று நம்மவர்கள் வென்றிருந்தார்கள். தாய்லாந்து அப்படி இல்லை. இரண்டு முறை உலகக் கோப்பையில் ஆடிய அணி, தரவரிசையில் நமக்கு வெகு மேலே, நாம் அதுவரை அவர்களை ஜெயித்ததும் இல்லை. மேற்கு வங்கத்துப் பெண் சங்கீதா பாஸ்ஃபோர் முதல் பாதியில் தூரத்திலிருந்து அடித்த பந்து நேராக வலைக்குள் போனது. இடைவேளை முடிந்து வந்ததும் தாய்லாந்து சமன் செய்தது. 74-வது நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி மறுபடியும் சங்கீதாதான். 2-1. மீதி நேரம் மொத்த அணியும் பின்னால் வந்து நின்று காத்த விதத்தை இணையத்தில் தேடிப் பார், கண்ணு. கோல்களைவிட எனக்கு அதுதான் பிடித்தது.

இதனால் கிடைத்தது என்னவென்றால், 2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடக்கும் ஆசியக் கோப்பையில் இடம். மொத்தம் 12 அணிகள், நாலு நாலாக மூன்று பிரிவு. நம் பிரிவில் ஜப்பான், வியட்நாம், சீன தைபே. ஜப்பான் 2011-ல் உலகக் கோப்பையையே வென்ற அணி. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகளும், மூன்றாவதாக வருவதில் நல்ல இரண்டும் காலிறுதிக்குப் போகும். காலிறுதியில் ஜெயிக்கும் நாலு அணிக்கும் 2027 பிரேசில் உலகக் கோப்பையில் நேரடி இடம், தோற்ற நாலு அணிகளுக்குள் இன்னொரு ஆட்டம் வைத்து மேலும் இரண்டு பேர். அதாவது ஆசியாவிலிருந்து ஆறு நேரடி இடம். நாம் பார்க்க வேண்டிய ஆட்டங்கள் வியட்நாமும் சீன தைபேயும். வியட்நாம் 2023 உலகக் கோப்பையில் ஆடிவிட்டு வந்த அணி, லேசில் விடாது.

பழசு ஒன்றும் சொல்ல வேண்டும். ஆசிய அளவில் இந்தியப் பெண்கள் இரண்டு முறை இரண்டாம் இடம் வந்தவர்கள். ஒன்று நமக்குப் பக்கத்துக் கோழிக்கோட்டில் நடந்த போட்டியில், இன்னொன்று 1983-ல் பாங்காக்கில். அப்போது நமக்குப் பின்னால் இருந்த நாடுகள் பிறகு பள்ளிக்கூடத்திலிருந்தே பெண்களுக்கு லீக் வைத்து, வருஷம் முழுக்க ஆட்டம் கொடுத்து, எங்கேயோ போய்விட்டன. நாம் 2003-க்குப் பிறகு ஆசியக் கோப்பை பக்கம் தலைகாட்டவில்லை. 2022-ல் நம் நாட்டிலேயே நடந்தபோது போட்டி நடத்தும் நாடு என்ற உரிமையில் சேர்ந்தோம், அணிக்குள் கொரோனா பரவி, ஆட இறக்கப் போதுமான ஆளில்லாமல் பாதியில் விலக வேண்டி வந்தது. அந்த வலியை மனதில் வைத்துக்கொண்டு சியாங் மாய் ஆட்டத்தைப் பார்த்தால்தான் அந்தப் பெண்கள் ஏன் அப்படிக் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று புரியும்.

பெண்களுக்கு மைதானம் சின்னதாகவும் கோல் போஸ்ட் தாழ்வாகவும் இருக்குமா? (வாசகர், கொத்தமங்கலம்)

இல்லை. அதே மைதானம், அதே ஐந்தாம் நம்பர் பந்து, அதே 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயர கோல், அதே 90 நிமிடம்.

தமிழ்நாட்டுப் பெண்கள் யாராவது இந்தியாவுக்கு ஆடுகிறார்களா? (ஒன்பதாம் வகுப்பு மாணவி, கோட்டையூர்)

நல்லா இருக்கிறார்கள். கடலூர்க்காரர் இந்துமதி கதிரேசனை முதலில் தெரிந்துகொள். நடுக்களத்தில் ஆடுபவர், தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர், இந்திய அணிக்குத் தலைமை தாங்கியும் ஆடியிருக்கிறார். சந்தியா ரங்கநாதன், பிரியதர்ஷினி செல்லதுரை இவர்களும் நம் மாநிலத்தவர்தான். தேசிய சாம்பியன் பட்டத்தை அதிக முறை வென்றது மணிப்பூர். அந்த மணிப்பூரை 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த இறுதியில் 2-1 என்று சாய்த்துத் தமிழ்நாட்டுப் பெண்கள் முதல்முறை பட்டம் எடுத்தார்கள், 2023-ல் ஹரியானாவை வென்று மறுபடியும். இந்தியப் பெண்கள் லீக்கை 2019-ல் வென்ற சேது எஃப்.சி. நமக்கு ரெண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிற மதுரை அணி.

கடலூர் மாவட்டத்தைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். ஒரு ஊரில் ஒரு நல்ல கோச் பெண் பிள்ளைகளுக்காகத் தினமும் கிரவுண்டில் நின்றால், பத்து வருஷத்தில் அங்கிருந்து அடுக்கடுக்காக ஆட்டக்காரிகள் வருகிறார்கள். கடலூர்த் தண்ணீரில் தனியாக ஒன்றும் இல்லை. சிவகங்கை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் அதே கால்தான்.

என் மகள் வயிற்றுப் பேத்திக்குப் பதின்மூணு வயசு. தை மாசம் பெரியவளானாள். பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடுகிறாள், முழங்காலெல்லாம் சிராய்ப்பு, வெயிலில் கருத்துப்போய் வருகிறாள். இனிமேலும் விடலாமா? நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? (ஓர் ஆச்சி, கண்டனூர்)

ஆச்சி, விடுங்கள். இதுதான் விடவேண்டிய வயசு.

நான் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். ஆறாம் வகுப்பில், ஏழாம் வகுப்பில் பையன்களைவிட வேகமாக ஓடும் பிள்ளை எட்டாம் வகுப்பில் சடங்கு முடிந்து வந்ததும் கிரவுண்டு ஓரத்தில், வேப்பமரத்தடியில், நோட்டு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கேட்டால் "அம்மா வேணாம்னுட்டாங்க டீச்சர்" என்று தலையைக் குனிந்துகொள்ளும். அந்தப் பிள்ளைக்குக் காலில் குறையில்லை, ஆசை போகவில்லை. பதின்மூன்றிலிருந்து பதினேழு வரையிலான அந்த நாலு வருஷத்தில்தான் ஒரு ஆட்டக்காரி உருவாகிறாள், நாம் சரியாக அந்த நாலு வருஷத்தைத்தான் எடுத்துவிடுகிறோம். பிரேசிலின் மார்த்தா, உலகக் கோப்பைகளில் 17 கோல் போட்டவர், ஆண்களிலும் பெண்களிலும் அத்தனை யாரும் போட்டதில்லை. அவர் தன் சின்ன ஊரை விட்டு ரியோ டி ஜெனிரோவுக்கு பஸ் ஏறியது 14 வயதில். 2023 உலகக் கோப்பையில் தென்கொரியாவுக்காக இறங்கிய கேசி ஃபேர் 16 வயது முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை. கொலம்பியாவின் லிண்டா கைசெடோவுக்கு 15 வயதில் சினைப்பையில் புற்றுநோய்க் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. அந்தப் பிள்ளை மீண்டு வந்து, 2022 அக்டோபரில் நம் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை தன் அணியைக் கொண்டுவந்தது, நவி மும்பை மைதானத்தில். அடுத்த வருஷமே சிட்னியில் பெரியவர்கள் உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு அடித்த கோல், உங்கள் பேத்தியிடம் கேட்டால் போனில் எடுத்துக் காட்டுவாள், நீங்களும் பாருங்கள் ஆச்சி.

தீட்டு நாளைப் பற்றி எழுதக் கூச்சப்பட்டு விட்டிருக்கிறீர்கள், அதையும் பேசிவிடுவோம். உடம்பு முடிந்தால் ஆடலாம், வலியிருந்தால் அன்று ஓய்வு, அவ்வளவுதான். உலகக் கோப்பை ஆடும் பெண்களுக்கும் இதே கவலை உண்டு. இங்கிலாந்து அணி வெள்ளைக் கால்சட்டை வேண்டாம் என்று கேட்டு 2023-ல் நீலத்துக்கு மாறியது, நியூசிலாந்தும் மாறியது. பேத்தியின் பள்ளியிலும் அடர் நிறக் கால்சட்டை கேளுங்கள், டீச்சரிடம் நீங்களே போய்ச் சொல்லலாம். சாப்பாட்டில் கவனம் வேண்டும். வளரும் பிள்ளை ஓடவும் செய்தால் இரும்புச்சத்து சீக்கிரம் குறையும். கீரை, முட்டை, பேரீச்சை, உங்கள் கையால் கிண்டும் கும்மாயம் இவற்றை நாள் தவறாமல் கொடுங்கள். முகம் வெளுத்து, படியேறினால் மூச்சு வாங்கினால் ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள்.

கருப்பு, சிராய்ப்பு, வரன். ஆச்சி, தழும்பு ஆறிவிடும். நன்றாக ஆடும் பெண்ணுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கிறது, தமிழக அரசு வேலையில் 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது, போலீஸ், ரயில்வே என்று வழி உண்டு. சொந்தக் காலில் நிற்கும் பெண்ணை வேண்டாம் என்கிற வீடு நம் பிள்ளைக்கு வேண்டாம்.

நாங்கள் முஸ்லிம் குடும்பம். மகள் தலையை மூடிக்கொண்டு கால்பந்து ஆடலாமா, நடுவர் வெளியே அனுப்பிவிடுவாரா? (வாசகி, தேவகோட்டை)

தாராளமாக ஆடலாம். முன்பு தடை இருந்தது, 2014-ல் ஃபிஃபா அதை நீக்கிவிட்டது. 2023-ல் மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாப் அணிந்து உலகக் கோப்பையில் ஆடிய முதல் பெண் ஆனார். அவர் தடுப்பாட்டக்காரர், அன்று மொராக்கோ தென்கொரியாவை 1-0 என்று வென்றது. முதல் உலகக் கோப்பையிலேயே அந்த அணி இரண்டாம் சுற்றுக்கும் போனது. ஊசி, பின் எதுவும் குத்தாமல் தலையோடு ஒட்டி நிற்கும் விளையாட்டு ஹிஜாப் வாங்கிக் கொடுங்கள், ஜெர்சி நிறத்திலேயே இருந்தால் நல்லது.

நான் உடற்கல்வி படிக்கிறேன். பெண்களுக்கு ஏ.சி.எல். காயம் அதிகம் என்கிறார்களே, ஏன்? நம் ஊர்க் கிரவுண்டில் என்ன செய்யலாம்? (மாணவர், காரைக்குடி)

தம்பி, இந்தக் கேள்விக்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். 2023 உலகக் கோப்பைக்கு நெதர்லாந்தின் மிடெமா, இங்கிலாந்தின் பெத் மீட், கேப்டன் லியா வில்லியம்சன் மூவருமே இந்தக் காயத்தால் வர முடியவில்லை. மூட்டுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்து நிறுத்தும் தசைநார் அது. அறுந்தால் ஆபரேஷன், அப்புறம் ஒன்பது மாதம், ஒரு வருஷம் வெளியே. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மடங்காவது அதிகம். இடுப்பு அகலம், ஹார்மோன் என்று உடம்பு சார்ந்த காரணங்கள் சொல்கிறார்கள். ஆனால் ஆண்கள் காலுக்கென்று செய்த பூட்ஸ், மோசமான கிரவுண்டு, எடைப் பயிற்சி இல்லாமை, களைப்போடு ஆட வைப்பது இவையும் சேர்ந்தவைதான். இவற்றை நாம் மாற்ற முடியும்.

நம் பக்கத்துக் கிரவுண்டு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். செம்மண், மேலே சரளை. மழை பெய்து காய்ந்தால் சிமெண்டுத் தரைதான். கோடையில் பிள்ளைகள் கண்மாய்க்குள் இறங்கி ஆடுகிறார்கள், அங்கே களிமண் வெடித்து, ஒவ்வொரு வெடிப்பும் ஒரு பாதம் மாட்டுகிற அகலம். ஓடிவந்த பிள்ளை சட்டென்று திரும்பும்போது பாதம் வெடிப்பில் நின்றுவிடும், உடம்பு மட்டும் திரும்பும். முட்டி போவதற்கு அதுவே போதும். கண்மாயில் ஆடத்தான் வேண்டுமென்றால் வெடிப்பில்லாத கரையோரத்தைப் பாருங்கள், ஆடும் முன் நாலு பேர் வரிசையாக நடந்து வந்து கல் பொறுக்கட்டும். இறுகிய தரையில் நீள ஸ்டட் பூட்ஸ் வேண்டாம், அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ் இருக்கும் ஷூ போதும், விலையும் குறைவு.

வார்ம்-அப்புக்கு ஃபிஃபா 11+ என்று ஒரு பயிற்சி முறை இருக்கிறது, இலவசம், படத்தோடு கிடைக்கும். 20 நிமிடம். முதலில் மெதுவோட்டம், நடுவில் பத்து நிமிடம் பிளாங்க், ஒற்றைக்காலில் நிற்பது, ஸ்குவாட், குதிப்பது, கடைசியில் வேக ஓட்டம். வாரத்துக்கு இரண்டு நாளாவது ஒழுங்காகச் செய்த அணிகளில் காயம் நன்றாகக் குறைந்ததை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதில் குதித்து இறங்குவதை மட்டும் நீங்கள் முட்டி போட்டு உட்கார்ந்து, பிள்ளையின் கண் மட்டத்தில் அல்ல, முழங்கால் மட்டத்தில் பாருங்கள். இறங்கும்போது இரண்டு முட்டியும் உள்பக்கமாக ஒன்றையொன்று நோக்கிச் சரிந்தால் நிறுத்துங்கள். முட்டி கால்விரலுக்கு நேரே நிற்க வேண்டும், மடங்க வேண்டும், சத்தம் வராமல் இறங்க வேண்டும். பத்துப் பிள்ளைகளை இப்படிப் பார்த்தால் யாருக்கு ஆபத்து என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

பெண்கள் உலகக் கோப்பையில் பரிசுப் பணம் ஆண்களுக்குச் சமமா? (வணிகர், புதுவயல்)

சமமில்லை. 2022-ல் கத்தாரில் ஆண்களுக்கு 44 கோடி டாலர், 2023-ல் பெண்களுக்கு 11 கோடி டாலர், நம் பணத்தில் சுமார் 900 கோடி ரூபாய். நாலில் ஒரு பங்கு. ஆனால் 2019-ல் அது 3 கோடி டாலராகத்தான் இருந்தது, அதிலிருந்து பார்த்தால் ஏற்றம்தான். டிக்கெட் விற்காது என்ற பேச்சும் இனி எடுபடாது, 2023-ல் மைதானத்துக்கு வந்தவர்கள் கிட்டத்தட்ட 20 லட்சம் பேர். அதே போட்டிக்கு ஜமைக்கா பெண்கள் செலவுக்குப் பணமில்லாமல் வந்தார்கள், ஒரு ஆட்டக்காரியின் அம்மா இணையத்தில் நன்கொடை திரட்டினார். அந்த அணி முதல் சுற்றில் ஒரு கோல்கூட வாங்காமல் பிரான்ஸையும் பிரேசிலையும் டிராவில் நிறுத்தி, பிரேசிலை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இரண்டாம் சுற்றுக்குப் போனது. நீங்கள் வியாபாரி என்பதால் கேட்கிறேன், ஊர்த் திருவிழாவுக்கு மஞ்சுவிரட்டு, பையன்கள் கபடி என்று நன்கொடை கொடுக்கிறோமே, பெண் பிள்ளைகள் அணிக்கு ஒரு செட் ஜெர்சி எடுத்துக் கொடுங்கள்.

மகளை வெளியூர் செலக்‌ஷனுக்குக் கூப்பிடுகிறார்கள். ஸ்பெயின் ஜெயித்த அன்று மேடையிலேயே நடந்ததைப் பார்த்தபிறகு பயமாக இருக்கிறது. (ஒரு தாய், பள்ளத்தூர்)

உங்கள் பயம் நியாயமானது. 2023 ஆகஸ்ட் 20 அன்று சிட்னியில் ஸ்பெயின் இங்கிலாந்தை 1-0 என்று ஜெயித்தது. பதக்கம் கொடுக்கும்போது ஸ்பெயின் கால்பந்துச் சங்கத் தலைவர் ருபியாலெஸ், ஜெனி எர்மோசோ என்ற ஆட்டக்காரியின் தலையைப் பிடித்து அவர் சம்மதமில்லாமல் உதட்டில் முத்தமிட்டார். எர்மோசோ வாய் மூடி இருக்கவில்லை, மொத்த அணியும் அவரோடு நின்றது. அந்த மனிதர் பதவி இழந்தார், 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து அபராதம் போட்டது. நம் நாட்டிலும் 2022-ல் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் அணியின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் வெளிநாட்டுப் பயணத்தின்போது தவறாக நடந்ததற்காக நீக்கப்பட்டார்.

மகளை நிறுத்திவிடாதீர்கள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். கூடப் போகும் பெண் ஆசிரியர் யார், இரவு எங்கே தங்குகிறார்கள், அறையில் யார் யார், போனை வாங்கி வைத்துக்கொள்வார்களா? பதில் சொல்ல எரிச்சல்படுகிற கோச் சரியான கோச் இல்லை. மகளிடம், யார் தொட்டாலும், எந்தப் பெரிய மனிதர் என்றாலும், பிடிக்கவில்லை என்றால் உடனே சொல், டீமில் இடம் போனாலும் பரவாயில்லை என்று வாய்விட்டுச் சொல்லி அனுப்புங்கள். அந்தக் கடைசி வார்த்தையைத் தாய் வாயால் கேட்டால்தான் பிள்ளைக்குத் தைரியம் வரும். குழந்தைகள் உதவி எண் 1098, மனப்பாடமாக இருக்கட்டும்.

2027 உலகக் கோப்பை எப்போது, நம் ஊர் நேரத்துக்குப் பார்க்க முடியுமா? (வாசகர், தேவகோட்டை)

2027 ஜூன் 24 முதல் ஜூலை 25 வரை, பிரேசிலில் எட்டு நகரங்களில். நம் கணக்கில் ஆனியும் ஆடியும். ரியோவுக்கும் நமக்கும் எட்டரை மணி நேர வித்தியாசம், அங்கே மாலை நாலு மணி என்றால் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. அதனால் ராத்திரி விழிப்புதான். தென் அமெரிக்காவில் பெண்கள் உலகக் கோப்பை நடப்பது இதுதான் முதல்முறை. 1941-ல் சட்டம் போட்டுப் பெண்கள் பந்து ஆடுவதைத் தடுத்த நாடு பிரேசில், அந்தத் தடை போகவே 1979 ஆனது. விடுமுறை நாள் ஆட்டங்களை வளவு முற்றத்தில் வெள்ளை வேட்டி கட்டி புரொஜெக்டரில் போடுங்கள், தெருப் பெண் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

நாங்கள் ஏழு பேர்தான் இருக்கிறோம், எல்லாரும் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு. பையன்கள் கிரவுண்டைத் தரமாட்டேன் என்கிறார்கள். டீம் ஆரம்பிக்க முடியுமா டீச்சர்? (மாணவிகள், ஆத்தங்குடி)

முடியும், தாயி. ஏழு பேர் ஆட்டம் என்றே தனியாக இருக்கிறது, ஒரு கோல்கீப்பர், ஆறு பேர் வெளியே, பாதி கிரவுண்டு போதும். கோல் போஸ்டுக்கு இரண்டு சவுக்குக் கம்பு, நடுவில் மூன்று மீட்டர். நாலாம் நம்பர் பந்து வாங்குங்கள், பள்ளிக்கூட ஸ்டோர் ரூமிலேயே இருக்கும், முதலில் அங்கே கேளுங்கள். ஷின் கார்டு கட்டாமல் ஒருத்தியும் இறங்கக்கூடாது.

கிரவுண்டு விஷயத்தில் பையன்களோடு சண்டை வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். தலைமையாசிரியருக்கு ஏழு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள்: செவ்வாய், வியாழன், சனி, மாலை நாலரையிலிருந்து ஐந்தே முக்கால் வரை கிரவுண்டு எங்களுக்கு வேண்டும் என்று நாளும் நேரமும் போட்டு. பொதுவாக "எங்களுக்கும் இடம் வேண்டும்" என்று எழுதினால் அது ஃபைலில் தூங்கும். கூடவே ஒவ்வொருத்தியின் அம்மாவும் ஒரு கையெழுத்துப் போட்டால் இன்னும் பலம். குடியரசு தின விளையாட்டுப் போட்டிக்குப் பள்ளியிலிருந்து பெண்கள் அணி பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். சிவகங்கை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விளையாட்டு விடுதிச் சேர்க்கை பற்றி உங்கள் பி.இ.டி. சாரையோ டீச்சரையோ கேட்கச் சொல்லுங்கள், கோடை விடுமுறையை ஒட்டி அறிவிப்பு வரும்.

தலைமையாசிரியர் பதில் சொல்ல ஒரு வாரம் பொறுங்கள். வரவில்லை என்றால் விண்ணப்பத்தின் நகலை எனக்கு இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள், நானே ஆத்தங்குடிக்கு பஸ் ஏறி வந்து பேசுகிறேன்.